புற்றுக் காளானும் அழுங்கும்: வாசகர் கேள்வி பதில்

காளான், காட்டு விலங்கு இரண்டையும் பற்றி வந்த கேள்விகளில் ஒரே கறையான் புற்றைச் சுற்றி வருகிற சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், ‘ஒரு காட்டுக் காளானையும் ஒரு காட்டுப் பாலூட்டியையும் ஒப்பிட்டு எழுதுங்கள்’ என்றேன். ‘காளான் நிற்கும், விலங்கு நடக்கும்’ என்பதைத் தாண்டி யாரும் போகவில்லை. உருப்படியாக ஒப்பிட எந்த இரண்டை எடுக்கலாம்? எங்கிருந்து தொடங்கலாம்? (ஆசிரியை ஒருவர்)

அம்மா, இணையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் பொதுவாக ஏதாவது இருந்தால்தான் ஒப்பீடு நகரும். புற்றுக் காளானையும் அழுங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். அழுங்கை எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். ஒன்று கறையானோடு கூட்டுக்குடித்தனம் நடத்துகிறது. மற்றது அந்தக் கறையானைத் தின்று பிழைக்கிறது. நடுவில் இருக்கிற கறையானை எடுத்துவிட்டால் காளான் அடியோடு இல்லை. அழுங்குக்குப் பாதிச் சோறு போய்விடும், எறும்பை மட்டும் நம்பித்தான் வாழ வேண்டும்.

அடுத்து, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். மண்ணுக்கு மேலே நாம் பார்க்கும் குடை அந்த உயிரின் முழு உடல் அல்ல, பழம் மாதிரி. குடையை அழுங்கோடு ஒப்பிடுவது மாம்பழத்தைக் குரங்கோடு ஒப்பிடுவதற்குச் சமம். காளானின் நிஜமான உடல் புற்றுக்குள் இருக்கிறது. புற்றின் உள்ளறைகளில் தேன் நிறத்தில், கடற்பஞ்சு போல மடிப்பும் துளையுமாக அடைகள் இருக்கும். கையில் எடுத்தால் கனமே இருக்காது, அழுத்தினால் பொடிந்துவிடும். அதன் மேல் கடுகைவிடச் சின்னதாக, முத்துப் போல வெள்ளை மணிகள். அந்த அடை முழுவதும் ஊடுருவி ஓடுகிற மெல்லிய வெள்ளை இழைகள்தான் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை. 1942-இல் ரோஜர் ஹெய்ம் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்த பெயர் அது. ஒரு புற்றுக்குள் இருக்கும் அடைகள் எத்தனையானாலும் அவற்றில் வளர்வது பொதுவாக ஒரே ஒரு பூஞ்சையின் மரபுவழிதான். ஆகவே ‘ஒரு காளான்’ என்று எண்ண வேண்டியது ஒரு குடையை அல்ல. ஒரு புற்றுக்குள் இருக்கும் பூஞ்சை முழுவதையும்.

இதைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு வாருங்கள். இரண்டுக்குமே பல் கிடையாது. இரண்டும் மெல்லும் வேலையை வேறொன்றிடம் விட்டிருக்கின்றன. பூஞ்சைக்காகக் கறையான் மெல்லுகிறது: காய்ந்த இலை, மரத்தூள், புல் எல்லாவற்றையும் வெள்ளை மணிகளோடு சேர்த்துத் தின்று, அரைகுறையாகச் செரித்ததை அடையின் மேல்பக்கம் அப்புகிறது. மணிகளில் உள்ள பூஞ்சை வித்துகள் கறையானின் வயிற்றில் அழியாமல் வந்து அங்கே முளைக்கின்றன. மரத்தின் கெட்டிப்பொருளான லிக்னினைக் கறையான்களால் எளிதில் செரிக்க முடியாது. பூஞ்சை தன் நொதிகளை வெளியே கசியவிட்டு அதை உடைக்கிறது. பக்குவமான பழைய அடையைக் கறையான்கள் அடியிலிருந்து தின்றுகொண்டே வருகின்றன. அழுங்குக்கோ மெல்லுவது வயிறு. ஒட்டும் எச்சில் பூசிய நீண்ட நாக்கால் கறையானை அள்ளி அப்படியே விழுங்கும். கோழியின் இரைப்பை போலத் தடித்த வயிற்றுச் சுவரும், கூடவே விழுங்கிய மண்ணும் சிறு கற்களும் அதை அரைக்கும். பூஞ்சை உணவை வெளியே செரித்து உள்ளே உறிஞ்சுகிறது. விலங்கு உள்ளே போட்டுச் செரிக்கிறது. இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் எழுதிவிட்டாலே போதும், முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

கேள்வி: காளான் செடியைவிட விலங்குக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று என் மகள் சொல்கிறாள். நம்பலாமா?

நம்பலாம். மரபணுவைப் பார்த்தாலும் அப்படித்தான், உடலில் உள்ள பொருள்களைப் பார்த்தாலும் அப்படித்தான். செடி தன் சேமிப்பை மாவுச்சத்தாக வைக்கும். காளானும் அழுங்கும் கிளைக்கோஜனாக வைக்கின்றன. இரண்டுக்கும் பச்சையம் இல்லை, சொந்தமாகச் சமைக்கத் தெரியாது.

வேறுபாடும் உண்டு. செல்லின் சவ்வில் அழுங்குக்குக் கொலஸ்டிரால், காளானுக்கு எர்கோஸ்டிரால். காளானின் செல்லுக்குக் கைட்டின் என்ற கெட்டிச் சுவர் இருக்கிறது. அழுங்கின் செல்லுக்குச் சுவரே இல்லை. இந்தக் கைட்டினை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். கறையானின் ஓடும் கைட்டினால் ஆனதுதான். ஆகவே புற்றுக்குள் குடியிருக்கும் பூஞ்சையும் பூச்சியும் ஒரே பொருளால் உடுத்தியவை. அழுங்கின் எச்சில் சுரப்பியில் அந்தக் கைட்டினை உடைக்கும் நொதி சுரக்கிறது. ஆனால் அழுங்கின் மேலே மூடியிருக்கும் செதில் கைட்டின் அல்ல, கெரட்டின். கைட்டின் சர்க்கரை வகையைச் சேர்ந்த சங்கிலி, கெரட்டின் புரதம். பெயர் காதில் ஒன்று போல விழுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

கேள்வி: விலங்கைப் பிடிக்கக் கூடாது என்கிறீர்கள், காளானைப் பறிக்கலாம் என்கிறீர்கள். இரண்டும் உயிர்தானே, ஏன் இந்த ஓரவஞ்சனை?

குடையைப் பறித்தாலும் உடல் புற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது. அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். அழுங்கைப் பிடித்தால் மிச்சம் எதுவும் இல்லை. அதோடு, ஒரு குடை லட்சக்கணக்கில் வித்துத் தூவுகிறது. அழுங்கு பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும். அந்தக் குட்டியைத் தாய் வாலின் மேல் ஏற்றிக்கொண்டு நடக்கும். தாயைப் பிடித்தால் குட்டியும் போயிற்று.

ஆனால் பறிப்பதிலும் கணக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் ஈசல் பறந்து, இறக்கை உதிர்த்து, ஆணும் பெண்ணுமாக மண்ணுக்குள் போய்ப் புதுக் குடும்பம் தொடங்குகின்றன அல்லவா? பெரும்பாலான இனங்களில் அந்த ஈசல்கள் பூஞ்சையைக் கையோடு கொண்டுபோவதில்லை. அவற்றின் முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே வந்து இரை தேடும்போது, மண்ணிலும் சருகிலும் விழுந்து கிடக்கும் காளான் வித்தை எடுத்துவந்துதான் முதல் அடையைத் தொடங்குகின்றன. வித்துக் கிடைக்காத குடும்பம் பிழைக்காது. ஆகவே ஒரு புற்றில் முளைத்த எல்லாவற்றையும் வழித்தெடுப்பது அடுத்த தலைமுறைப் புற்றுகளின் வயிற்றில் அடிப்பது. நன்றாக விரிந்து ஓரம் கிழிந்த குடைகள் சமையலுக்கும் ருசிக்காது. அவற்றை அப்படியே விடுங்கள். வித்துத் தூவுவது அவைதான். கடப்பாறை போட்டுப் புற்றைக் கிளற வேண்டாம். கூட்டமாகச் சுற்றி நின்று மிதிக்கவும் வேண்டாம், இன்னும் வெளியே வராத மொட்டுகள் நசுங்கிவிடும்.

கேள்வி: புற்றுக் காளானை விஷக் காளானிலிருந்து பிரித்தறிய நிச்சயமான அடையாளம் சொல்லுங்கள். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம் என்கிறார்களே?

வெள்ளிக் கரண்டி, மஞ்சள் தூள், அரிசி, பூச்சி கடித்த தடம், இவற்றில் எதையும் நம்பாதீர்கள். மனிதனைக் கொல்லும் காளானை நத்தையும் புழுவும் நிம்மதியாகத் தின்னும். கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் அமனிட்டா என்ற விஷக் காளான் வகையின் கொடிய நஞ்சு அழியாது.

ஒற்றை அடையாளம் ஒன்றும் கிடையாது. கீழே சொல்பவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பொருந்த வேண்டும்.

முதலில் அடி. பிடுங்காதீர்கள். ஒவ்வொரு காளானுக்கும் தண்டைச் சுற்றி நான்கு விரல் ஆழம் மண்ணை விலக்கிப் பாருங்கள். புற்றுக் காளானின் தண்டு மண் மட்டத்தில் சற்றுப் பருத்து, பிறகு எலிவால் போல மெலிந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். கூடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீளம் அந்த வேர் போன்ற வால் இருக்கும். அமனிட்டாவின் அடியில் முட்டை ஓடு கிழிந்தது போல ஒரு பை அல்லது கிண்ணம் இருக்கும். பிடுங்கினால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும். கையில் வருவது பார்க்க அப்பாவி போலத் தெரியும். காளான் விஷச் சாவுகளுக்கு வழிவிடும் பிழைகளில் இது முக்கியமானது.

அடுத்து குடையின் உச்சி. மண்ணைத் துளைத்துக்கொண்டு வரவேண்டியிருப்பதால் புற்றுக் காளானின் உச்சியில் கெட்டியான கூர்முனை இருக்கும், பெரும்பாலும் குடையைவிடக் கறுத்த நிறத்தில். விரிந்த பிறகும் அது குமிழ் போல எழும்பி நிற்கும், தொட்டால் தெரியும்.

மூன்றாவது வித்தின் நிறம். விரிந்த குடை ஒன்றின் தண்டை வெட்டிவிட்டு, அடிப்பக்க மடிப்புகள் கீழே பார்க்க, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் படும்படி கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி ஓர் இரவு வையுங்கள். காற்றுப் பட்டால் தூள் சிதறிவிடும், அதனால்தான் மூடி. காலையில் புற்றுக் காளான் இளஞ்சிவப்பு ஓடிய பால்நிறத் தூளை விட்டிருக்கும். அமனிட்டா வெள்ளை. புல்வெளியிலும் புற்றோரத்திலும் முளைக்கிற குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்ற பெரிய வெள்ளை விஷக் காளான் மங்கிய பச்சை. இளஞ்சிவப்பு வந்துவிட்டதே என்று உடனே அடுப்பைப் பற்றவைத்துவிடாதீர்கள். என்டோலோமா என்ற வேறொரு கூட்டத்துக்கும் இளஞ்சிவப்பு வித்துதான். அதில் நஞ்சுள்ளவை இருக்கின்றன, ஆனால் அதற்குப் புற்றுக்குள் இறங்கும் வால் கிடையாது. வேர் போன்ற வாலோடு வரும் வேறு காளானும் உண்டு, அதன் வித்து வெள்ளை. அடையாளங்களைத் தனித்தனியே நம்பாமல் கோத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

தண்டில் வளையம் இருந்தால் விஷம் என்ற பேச்சும் தவறு. புற்றுக் காளானிலேயே டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மிக்குத் தடித்த வளையம் உண்டு. வளையத்தை வைத்து எதையும் சேர்க்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

இதில் ஒரு விதிவிலக்கு. சட்டைப் பொத்தான் அளவுக் குடைகள் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் பாய் விரித்தது போல முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்பஸ். கறையான்கள் பழைய அடையைத் துண்டு துண்டாக மேலே கொண்டுவந்து பரப்பிவைக்க, அதிலிருந்து முளைப்பது. கூட்டுக்குள் இறங்கும் வால் அதற்கு இருக்காது. வால் விதி பொருந்தாததால், பழகாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

விரியாத மொட்டையும் எடுக்காதீர்கள். அமனிட்டா மொட்டும் வெள்ளை உருண்டைதான். குளோரோஃபில்லத்தின் மடிப்புகளும் இளசில் வெள்ளையாகவே இருக்கும், முதிர்ந்தால்தான் பச்சை தெரியும்.

தவறி யாராவது சாப்பிட்டுவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் தொடங்குவது குளோரோஃபில்லத்தின் வழக்கம். ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துத் தொடங்கினால் அதுதான் அதிக ஆபத்து. அமனிட்டா நஞ்சில் வாந்தி ஒருநாளில் அடங்கி, ஆள் தெளிந்தது போலத் தோன்றும். அந்த நேரத்தில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. மிஞ்சிய காளான், குழம்பு, நறுக்கிப் போட்ட அடித்தண்டு எதுவானாலும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த வேளையில் அறிகுறி இல்லாவிட்டாலும், உடன் சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும்.

கேள்வி: புற்றில் புதிதாகக் குழி தெரிகிறது. அழுங்கா, கரடியா, எப்படிக் கண்டுபிடிப்பது?

தேன்கரடியும் கறையானை விரும்பித் தின்னும். மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டு அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியாக மண்ணை ஊதித் தள்ளிவிட்டுக் கறையானை உறிஞ்சும். ஆகவே கரடி தோண்டிய இடம் அகலமாக, கட்டி கட்டியாக மண் சிதறிக் கிடக்கும். அருகில் பழக்கொட்டை நிறைந்த எச்சமும் இருக்கலாம். அழுங்கின் குழி அதன் உடம்பு நுழையும் அளவுக்குத்தான் இருக்கும், மண் ஒரே பக்கமாகப் பின்னால் தள்ளப்பட்டிருக்கும். குழிச் சுவரில் நகக்கீறல் தெரியும்: முன்காலின் ஐந்து விரல்களில் நடு மூன்றின் நகங்கள்தான் நீளம். அந்த நகம் மழுங்காமல் இருக்க முன்பாதத்தை மடித்துவைத்து நடக்கும் பழக்கம் அதற்கு. அதனால் ஈர மண்ணில் முன்கால் தடத்தைவிடப் பின்கால் தடமே தெளிவாக இருக்கும்.

உணவுக்காகத் தோண்டும் குழி ஆழமில்லாதது. தங்கும் வளை வேறு. அது பல மீட்டர் போகும். உள்ளே இருக்கும்போது வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அடைத்த வளையைக் கிளறிப் பார்க்கவோ, புகை போடவோ கூடாது.

கேள்வி: வழியில் அழுங்கு சுருண்டு கிடந்தால் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாமல் விலகிப் போவதுதான் சரி. நாயை அப்புறப்படுத்துங்கள், வெளிச்சம் அடிக்காதீர்கள், இருபது முப்பது அடி தள்ளி அமைதியாக நில்லுங்கள். ஆபத்து போய்விட்டது என்று தெரிந்ததும் மூக்கை மெல்ல வெளியே நீட்டும், பிறகு தானே போய்விடும். விரித்துப் பார்க்க இழுக்காதீர்கள். செதிலின் ஓரம் கத்தி. செதிலுக்கு நடுவே விரல் மாட்டினால் கிழித்துவிடும். பால், பழம், தண்ணீர் எதையும் வாயில் திணிக்க வேண்டாம். காயம் பட்டிருந்தாலோ, கிணற்றில் விழுந்திருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சுருளுவது சிறுத்தைக்கு எதிராக நன்றாக வேலை செய்யும் உத்தி. மனிதனிடம் அதுவே வினையாகிவிட்டது: ஓடாத விலங்கைச் சாக்கில் போட்டுத் தூக்குவது எளிது. மின்வேலியிலும் அப்படித்தான். ஆப்பிரிக்காவின் நில அழுங்கு பின்காலில் நிமிர்ந்து நடக்கும்போது செதில் இல்லாத வயிறு கீழ்க்கம்பியில் படுகிறது. அதிர்ச்சியில் கம்பியையே சுற்றிச் சுருண்டுகொள்கிறது. சுருண்டதால் விடுபட முடியாமல் திரும்பத் திரும்ப மின்சாரம் பாய்ந்து சாகிறது. கீழ்க்கம்பியை உயர்த்திக் கட்டினால் இந்தச் சாவைக் குறைக்கலாம்.

கேள்வி: செதிலில் மருந்து இருக்கிறதா?

இல்லை. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின். இந்திய அழுங்கின் உடலில் 160 முதல் 200 வரை செதில்கள் இருக்கின்றன. நகம் வெட்டிப் போட்டதைச் சேர்த்துவைத்தால் என்ன பலனோ அதுதான் அவற்றிலும். சீனாவின் அரசு மருந்து நூலின் 2020 பதிப்பிலேயே மூலப்பொருள் பட்டியலில் இருந்து அழுங்குச் செதிலை எடுத்துவிட்டார்கள். உலகில் உள்ள எட்டு அழுங்கு இனங்களுக்கும் பன்னாட்டு வணிகத் தடை 2017 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. வேட்டையாடுவதும், செதிலை விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: சிப்பிக் காளான் போலப் புற்றுக் காளானைக் கொட்டகையில் வளர்க்க முடியாதா? அழுங்கையும் பண்ணையில் பெருக்கினால் வேட்டை குறையுமே?

இரண்டுக்கும் ஒரே தடைதான். சிப்பிக் காளானுக்கு ஈர வைக்கோல் போதும். புற்றுக் காளானுக்குத் தேவை உயிருள்ள கறையான் கூட்டம். அதன் இழையைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கலாம், வளர்கிறது, மிக மெதுவாக. ஆனால் குடை விடுவதில்லை. கூட்டுக்குள் ஏறக்குறைய 30 டிகிரி வெப்பம், சொட்டும் ஈரம், வெளிக்காற்றைவிடப் பல மடங்கு கரியமில வாயு, வேற்றுப் பூஞ்சையை ஓயாமல் களையெடுக்கும் ஆயிரக்கணக்கான வாய்கள். முதல் மூன்றையும் கருவி வைத்துக் கொடுத்துவிடலாம். அந்தக் களையெடுப்பைக் கொடுக்கத்தான் வழியில்லை. சந்தையில் விற்கும் அளவுக்கு யாரும் இதைப் பயிர்செய்யாததற்கு இதுதான் காரணம்.

அழுங்கும் அதே போல. அடைபட்டால் மனக்கலக்கத்தில் இரை எடுக்காது; வயிற்றுப் புண்ணும் நுரையீரல் அழற்சியும் வந்து இறந்துவிடும். ஒடிசாவின் நந்தன்கானனில் இந்திய அழுங்குக்கென்றே இனப்பெருக்க மையம் நடத்துகிறார்கள். தைவானின் தைப்பே விலங்குக்காட்சியகத்தில் பூச்சிப் புழுக்களை அரைத்த கூழில் பழக்கி வளர்க்கிறார்கள். இரண்டு இடத்திலும் பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு கிடைப்பது கையால் எண்ணக்கூடிய குட்டிகள். அது பாதுகாப்புப் பணி, பண்ணையாகாது. ஈற்றுக்கு ஒரு குட்டி போடும் விலங்கை வளர்த்து விற்பதைவிடக் காட்டில் பிடிப்பது எப்போதும் மலிவு. பண்ணை என்ற பெயர் திருட்டுச் சரக்குக்குப் போர்வையாகத்தான் பயன்படும்.

கேள்வி: நிலத்தின் ஓரத்தில் ஆளுயரப் புற்று இருக்கிறது. இடித்துவிட நினைக்கிறேன். உயிருள்ள புற்றா, செத்த புற்றா என்று எப்படித் தெரியும்?

இடிப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மேல்மண்ணை மட்டும் சுரண்டி ஒரு துளையைத் திறந்துவிடுங்கள். உயிருள்ள புற்றானால் சற்று நேரத்தில் பெரிய தலைச் சிப்பாய்க் கறையான்கள் விளிம்பில் வந்து நிற்கும். மறுநாள் பார்த்தால் அந்த இடம் ஈர மண்ணால் பூசப்பட்டிருக்கும். மண்ணின் நிறமே வேறுபட்டுத் தெரியும். இரண்டு மூன்று நாளாகியும் திறந்தபடியே இருந்தால் அந்தப் பக்கமாவது காலி.

இன்னொரு அடையாளத்தைப் பூஞ்சையே காட்டும். கறையான்கள் செத்துவிட்டால் புற்றுக் காளானின் கதையும் முடிந்துவிடும். அதுவரை அடையில் தலைகாட்ட முடியாமல் அடங்கிக் கிடந்த சைலேரியா இனத்துப் பூஞ்சை சில நாள்களில் மேலேறிவிடும். மழைக்குப் பிறகு வெள்ளைக் குடைகளுக்குப் பதிலாகக் கறுத்த குச்சிகள், எரிந்த தீக்குச்சி மாதிரி, மண்ணைப் பிளந்து நின்றால் உள்ளே யாரும் இல்லை.

அப்போதும் உடனே மண்வெட்டியை எடுக்காதீர்கள். காலிப் புற்றில் பாம்பும் உடும்பும் குடியேறியிருக்கக்கூடும். அடிவாரத்தில் மண்ணால் அடைத்த வட்ட வாய் ஏதாவது தெரிகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இருந்தால் அது அழுங்கின் வளையாக இருக்கலாம், அந்தப் பக்கத்தைத் தொட வேண்டாம். வனத்துறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர்கள் வந்து பார்க்கும் வரை புற்று அப்படியே நிற்கட்டும். உயிருள்ள புற்று என்று தெரிந்து, அது பாதையையோ கட்டடத்தையோ மறிக்கவில்லை என்றால், சுற்றி இரண்டு அடி இடம் விட்டு உழுதுகொள்ளுங்கள்.